பிரீசர் பனியும் குளிர்காலக் கதையும்

இதை எழுதுவோமா விடுவோமா என்று எத்தனையோ வருடம் தள்ளிப்போட்டேன். பெரிய படிப்பு இல்லாதவள் நான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிடித்துக்கொண்ட எழுத்துதான். இன்று காலைச் செபம் முடிந்ததும், மாதாவே துணை என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் கிளென் ஈடனில் எங்கள் வீட்டு முன்னறையில் கனடாவிலிருந்து வந்த ஒரு அன்ரி மூன்று கிழமை தங்கியிருந்தார். ஒஜிப்வே என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். தங்கள் மொழியைச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர். இங்கே மாவோரி மொழி மட்டுமே பேசி நடத்தும் பாலர் பள்ளியைப் பார்த்துப் பழக வந்திருந்தார். நாக்குக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று எங்கள் கதவு, கோப்பை, கதிரை எல்லாவற்றிலும் தன் மொழிப் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்.

"அவவைப் பார். உனக்கு வாய்க்குள்ளயும் தமிழ் இல்லை" என்று அம்மா என்னைக் குத்துவார். நான் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவேன்.

அன்ரியிடம் கதை கேட்டு நச்சரித்தேன். அவர்களுடைய பெரிய கதைகளை நிலத்தில் பனி கிடக்கும்போதுதான் சொல்லலாமாம். இப்போது குளிர்காலம்தானே என்றேன். பனி எங்கே என்று சிரித்தார். வெளியே ஆக்லாந்து மழை. ஞாயிற்றுக்கிழமை அவர் புறப்படுகிறார்.

சனிக்கிழமை விடிந்ததும், கோயில் திருநாளுக்கென்று அப்பா பிடித்து வைத்திருந்த மீனையெல்லாம் பிரீசரிலிருந்து வெளியே எடுத்து வைத்தேன். சுவரில் படிந்திருந்த பனியைக் கரண்டியால் சுரண்டி, வாளியோடு கொண்டுபோய் வாசற்படியில் கொட்டினேன்.

அன்ரி எழும்பி வந்தபோது பாதி கரைந்திருந்தது. மீன் வாடை வேறு. அவர் சிரிக்கவில்லை. முழந்தாளிட்டு ஒரு கை அள்ளி, "பிபூன்" என்றார். குளிர்காலம் என்று அர்த்தமாம். நானும் சொன்னேன். ஆனால் கதை வரவில்லை. பனி தானாக வரவேண்டும் என்றார். பிறகு, உங்கள் மொழிக் கதைகளுக்கும் இப்படிக் காலம் உண்டா என்று கேட்டார்.

அதற்குள் உள்ளே அம்மாவின் சத்தம். "மீனெல்லாம் இளகிப்போச்சு! உனக்கென்ன விசரே?"

அப்பா கண்ணை உருட்டிக்கொண்டு வந்தார். பயத்தில் ஆங்கிலம் ஓடிப்போய்த் தமிழ்தான் வாயில் வந்தது.

"அப்பா, எங்கட கதையள் மழைக்குள்ளயும் சொல்லலாமோ?"

அப்பா என் முன்னால் குந்தினார். "ஓம் பிள்ளை… எப்பவும் சொல்லலாம்" என்றார். கண்ணைத் துடைத்தார். அடி விழவில்லை. அன்ரி அவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். தமிழ் தெரியாத அவருக்கு என்ன விளங்கியது, மீன் கெட்டதற்கு அப்பா ஏன் அழுகிறார் என்றெல்லாம் நான் முழித்துக்கொண்டு நின்றேன்.

வாசித்தவர்கள் இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு வாளிப் பனியை மலையாக்க வேண்டாம். மீன் வாடையைக் குறைக்கவும் வேண்டாம். அன்ரியின் அந்தக் குளிர்காலக் கதை எனக்குக் கிடைத்ததாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.