கிராணி மகன் சொன்ன சாட்சி

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆரம்பித்தது இது.

நான் கிள்ளானில் லோரி கம்பெனி வைத்திருப்பவன். படித்தது மூன்றாம் வகுப்பு, ஓடுவது பதினோரு லோரி. கிள்ளானில் ஒருவருக்கு என்னைத் தெரியவில்லை என்றால், அவர் நேற்றுதான் குடிவந்திருக்க வேண்டும்.

என் பட்டறையில் வெல்டிங் செய்பவரும் நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்காரர்தான். பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஐம்பத்தெட்டு வயதிலும் சிவப்பு அடையாள அட்டை. பிரஜைக்கான நீல அட்டை கேட்டு மூன்று முறை மனு போட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் அவர் வழக்கை எடுத்தவர் ஒரு பாஸ்டர். ஞாயிறு பிரசங்கம், மற்ற நாளெல்லாம் கோர்ட். பத்திரம் இல்லாதவர்களுக்கும் குடியிருப்பை விட்டு விரட்டப்பட்டவர்களுக்கும் அவர்தான் வக்கீல். திருநீறு பூசிப் போன என்னை ஒரு நாளும் சபைக்கு வா என்று அவர் கூப்பிட்டதில்லை.

வெல்டர் தோட்டத்தில் பிறந்ததற்கு உயிரோடிருக்கும் ஒரே சாட்சி நான். ஆராதனை முடித்து, கழுத்தில் வெள்ளைக் காலரோடு அந்தக் கடைவீட்டு மாடியிலிருந்த தன் ஆபீசுக்கு வந்து, வெல்டரையும் என் பக்கத்தில் உட்காரவைத்து, பாஸ்டர் என் வாக்குமூலத்தை எழுதினார்.

“நான் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணியோட மகன். இவரு விடியக்காலையில லயத்துல பொறந்தப்போ பக்கத்துலதான் இருந்தேன்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “கிராணி வீடு மேட்டுல இருக்கும். விடியக்காலையில தொழிலாளிங்க லயத்துல உங்களுக்கு என்ன வேலை அண்ணே?”

“பாஸ்டர், பதினோரு லோரி ஓடுது எனக்கு!”

“நீதிபதி லோரியப் பத்திக் கேக்க மாட்டாரு லா. இதைத்தான் கேப்பாரு.”

உண்மை வெல்டருக்கும் தெரியும். அவருடைய அம்மா சொல்லியிருப்பார். ஆனால் அவர் தலைகுனிந்தபடி, “பாஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். ஐம்பத்தெட்டு வருடம் காத்திருந்த அட்டையை என் பேருக்காக விட்டுக்கொடுக்க அந்த மனிதர் தயாராக இருந்தார். மகள் கல்யாணத்தில் மைக் பிடித்துக்கூட நான் கிராணி மகன் என்றுதான் பேசியிருந்தேன்.

“எழுதுங்க” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கோர்ட்டிலும் என்னைக் கேள்வி கேட்பார்கள் என்றார் பாஸ்டர். அந்த நாளில் வேடிக்கை பார்க்க என் மகனும் கோயில் கமிட்டிக்காரர்கள் இருவரும் வந்திருந்தார்கள். நான் கூண்டில் நிற்கும் அழகைப் பார்க்க வாருங்கள் என்று முன்பே அழைத்து வைத்தது நான்தான்!

அரசாங்க வக்கீல் அதே கேள்வியைத்தான் கேட்டார். பாஸ்டர் கறுப்புக் கோட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் உரக்கவே சொன்னேன்: கிராணியின் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளியவள் என் தாய். பத்து வயதில் மாடு மேய்த்தவன் நான். கொட்டகைக்கு அடுத்த லயத்து வீட்டில் வலி கண்டபோது, மருத்துவச்சியை ஓடிப்போய்க் கூட்டி வந்தவனும் நானே. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுததை என் காதால் கேட்டேன்.

வெளியே வந்ததும் என் மகன், “ஏம்ப்பா, இத்தனை நாளா இதை எங்ககிட்ட சொல்லவே இல்ல?” என்று என் தோளைக் கட்டிக்கொண்டான்.

தீர்ப்பு எங்கள் பக்கம். சில மாதம் கழித்து நீல அட்டை வந்தது. பாஸ்டரிடம் காட்டிவிட்டு, பட்டறைக்கு வந்து என் கையில் வைத்தார் வெல்டர். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே அழுதார்.

நான் பெருமை பேசுவதை நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன். ஆனால் இப்போது என் கதையை அந்த மாட்டுக்கொட்டகையிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். பதினோராவது லோரி வாங்கிய நாளில்கூட, அன்று கூண்டில் நின்றபோது நிமிர்ந்த அளவுக்கு என் நெஞ்சு நிமிர்ந்ததில்லை.