பதினொன்று அடித்தால் பன்னிரண்டு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டர் தப்பான எண்ணைக் காட்டினால் அதற்கொரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்றுதான் இத்தனை வருடமாக வேலை பார்க்கிறேன். ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபமில்லை.

கஹவத்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவின் பால்மாக் கணக்கும் என் பொறுப்பு. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, எவ்வளவு மா கொடுக்க வேண்டும் என்று சொல்லும் பழைய டொஸ் புரோகிராம் ஒன்று உண்டு. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். புதிய கம்ப்யூட்டர் அதைத் திறக்கவே மறுத்ததால், பழைய மெஷினைப் போல நடிக்கும் எமியுலேட்டர் ஒன்றைப் போட்டு அதற்குள் ஓட்டுகிறேன்.

ஒருநாள், முந்தைய நாள் தொடங்கிய மழை விடவே இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ராசாத்தி போனில் பதினொன்று என்றாள். அடித்தேன், திரையில் பன்னிரண்டு விழுந்தது. எமியுலேட்டருக்குள் ஓரத்து எண் விசைகள் சிலசமயம் தகராறு செய்யும் என்பதால் மேல்வரிசை விசைகளில் அடித்தேன், அப்போதும் பன்னிரண்டு. மற்ற எண்களெல்லாம் அடித்தபடியே நின்றன. அவளுக்கே போன் போட்டு, சரியாக எண்ணினாயா என்று கேட்டேன்.

"என்னாங்கய்யா, பதினொன்னு வரைக்கும் எண்ணத் தெரியாதுன்னு நெனச்சிட்டீங்களா?" என்றாள்.

சற்று நேரத்தில் காம்பராவுக்குப் பின்னால் மலைச்சரிவில் மண் வெடித்திருப்பதாகத் தகவல் வர, டிரைவர் சுனில் பிள்ளைகளையும் ராசாத்தியையும் லொறியில் ஏற்றி ஆபீசுக்குக் கொண்டுவந்தான். நானே வாசலில் நின்று எண்ணினேன். பதினொன்று. உள்ளே திரையில் பன்னிரண்டு. ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை, "இன்னொன்னு இருக்கு" என்றேன். ராசாத்திக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். சுனில் மட்டும் சாவியை எடுத்தான்.

"யமு மாத்தியா, போய்ப் பார்த்திட்டு வருவோம். இல்லாட்டி ராவைக்கு உங்களுக்குத் தூக்கம் வராது."

போனோம். கதவுக்குப் பின்னால் சேலைத் தொட்டிலில் ஒரு பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தாய் அன்றுதான் கொடகவெலயிலிருந்து கைக்காசுக்கு, அதாவது பேர் பதியாத நாள்கூலிக்கு வந்தவள் என்பதும், ராசாத்தி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் பிள்ளையைப் போட்டுவிட்டு கொழுந்தெடுக்க மலைக்கு ஓடியிருக்கிறாள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வேறெங்கும் பார்க்காமல் லொறியில் ஏறி வளைவு திரும்பும்போது பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். காம்பரா இருந்த இடத்தில் சேறு மட்டும்.

தாய் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். நின்றபடியே பால் கொடுத்தாள். நான் உள்ளே போய் மனநிறைவோடு பன்னிரண்டு என்று அடித்தேன்.

பதின்மூன்று விழுந்தது.

எமியுலேட்டரை மூடித் திறந்தேன், கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன், திரும்பத் திரும்ப அடித்தேன். பதின்மூன்று. சுனில் திரையைப் பார்த்துவிட்டு வெளியே போய் லொறியில் உட்கார்ந்துகொண்டான். போவதற்குப் பாதை இல்லை.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் வீடு வீடாக விசாரித்தோம். பேர் பதிந்த குடும்பங்களில் எந்தப் பிள்ளையும் குறையவில்லை. கைக்காசுக்கு வந்தவர்கள் மழையோடு கலைந்து போயிருந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று கங்காணிக்கே தெரியவில்லை. யாரும் குறையவில்லை என்பதால் மண்ணைத் தோண்டவுமில்லை.

இப்போது காம்பரா வேறு இடத்தில். அதே புரோகிராம், அதே எமியுலேட்டர், அடிக்கும் எண் அப்படியே நிற்கிறது. பிள்ளையைத் தேடி அன்றைக்குப் பிறகு ஒரு தாயும் வரவில்லையே என்று ராசாத்தியிடம் ஒருமுறை சொன்னேன், எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்வதைப் போல.

அவள் கப்புகளைக் கழுவிக்கொண்டே, "அந்த நேரம் மழைக்கு ஒதுங்க, அவளும் பிள்ளைகிட்ட வந்திருப்பாளோ என்னமோங்கய்யா" என்றாள்.

அந்தப் புரோகிராம் பிள்ளைகளை மட்டும்தான் எண்ணும்.