வாசகர் கடிதமும் என் வாயும்

எங்கள் கூட்டத்தில் லிஃப்ட்காரரைப் போலக் கதை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் அவர் ஒரு கதையையாவது முடித்துக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

காரணம் அவருடைய வேலை. பதினொரு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. இரண்டு மாடிகளுக்கு நடுவில் யாராவது மாட்டிக்கொண்டால் இவருக்குத்தான் போன் வரும். மேலே மோட்டார் அறைக்குப் போவதற்கு முன்னால், மூடிய கதவுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளே இருப்பவருக்கு ஒரு காமிக்ஸ் கதையைத் தொடங்கிவிடுவார். அதுவும் கட்டம் கட்டமாக. "படம் ஒண்ணு: மழை. படம் ரெண்டு: ஒரு வீடு, மாடியில மட்டும் வெளக்கு எரியுது. படம் மூணு: வெளக்கு அணைஞ்சிடுது." உள்ளே இருப்பவர் அலறுவதை நிறுத்திவிட்டு "அப்புறம்?" என்பார். அவர் மோட்டார் அறைக்கு ஏறியதும் கதை போன் வழியாகத் தொடரும். ஒரு கை பிரேக் நெம்புகோலில், ஒரு காது போனில். லிஃப்ட் தளத்துக்கு வந்து கதவு திறந்ததும் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒரு வக்கீல் மறுநாள் காலையில் போன் செய்து, "கொலை பண்ணது யாருன்னு சொல்லிடுய்யா, கோர்ட்ல கவனமே இல்ல" என்று கெஞ்சினாராம்.

அவர் குடியிருப்பது தரைத்தளத்தில். அம்மாவும் அவரும்தான். "ஊரையே மேல ஏத்திவிட்டுட்டு நீ கீழேயே ஒக்காந்திருக்கியேய்யா" என்று கிண்டல் செய்வேன். "கீழ இருந்தா யாரும் மாட்டிக்க மாட்டாங்கண்ணே" என்பார்.

நான் ஜெராக்ஸ் கடைக்காரன். ஞாயிற்றுக்கிழமை காலை கடையின் பின்னறையில் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். லிஃப்ட்காரர், நான், பல் டாக்டரம்மா, கணக்கு வாத்தியார். நான்கு பேருமே நாற்பதைத் தாண்டியவர்கள். காமிக்ஸ் என்ற, வீட்டில் மதிப்பில்லாத ஒரு விஷயத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேச வேறு இடம் இல்லாதவர்கள். பேப்பர் கட்டுகள்தான் நாற்காலி. பைண்டிங் மிஷின் மேல் டீ டம்ளர். பேச்சுக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது.

"மொகமூடி போட்டவனுக்கு ஜலதோஷம் புடிச்சா என்ன பண்ணுவான்?" என்பார் வாத்தியார்.

"அத விடுங்க. புத்தகம் பூரா அடி வாங்குறான், ஒரு பல்லாவது ஆடுதா? எங்கிட்ட வர்றவங்க பேனா மூடியக் கடிச்சே ஒடச்சிக்கிட்டு வர்றாங்க" என்பார் டாக்டரம்மா.

"இப்ப வர்ற படங்கள்ல வில்லனுக்கும் ஒரு சோகக்கதை வச்சிடுறான். எவன அடிச்சாலும் நமக்குப் பாவமா இருக்கு. நிம்மதியா ஒரு சண்ட பாக்க முடியல" என்று மறுபடியும் வாத்தியார்.

லிஃப்ட்காரர் கடைசியாகத்தான் வாயைத் திறப்பார். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வில்லனோட கோட்டை நாப்பது மாடி. லிஃப்ட் எப்பவும் சரியா வேலை செய்யுது. அத யாரு சர்வீஸ் பண்றா? அந்த ஆளப் பத்தி ஒரு கட்டத்துலகூடக் காட்டலையே?"

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். இப்படிப் பேசிக்கொண்டே டாக்டரம்மாவின் மகள் அவரோடு பேசாமல் இருப்பது, வாத்தியாரின் முட்டி வலி எல்லாம் இடையில் வந்து போகும். லிஃப்ட்காரர் மட்டும் தன் வீட்டைப் பற்றிப் பேசவே மாட்டார்.

என் பங்கு என்ன? வாசகர் கடிதம். பழைய இதழ்களின் கடைசிப் பக்கத்தில் வந்த கடிதங்களை நான் குரல் மாற்றிப் படிப்பேன். காகிதத் தரம் மட்டமென்று கோபிக்கிறவருக்கு ஒரு கட்டைக்குரல். ஒரே மூச்சில் பாராட்டித் தள்ளுகிறவருக்கு ஒரு கீச்சுக்குரல். 'என் படத்தை அட்டையில் போடவும்' என்று கேட்பவருக்குத் தனியாக ஒரு இழுவை. மூன்று பேரும் கைதட்டுவார்கள். எனக்கும் அந்தக் கைதட்டல் இல்லாவிட்டால் வாரம் முடிந்த மாதிரியே இருக்காது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

லிஃப்ட்காரரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. 'பனிச்சுரங்கம்' என்று இரண்டு பாகமாக வந்த ஒரு கதை. சுரங்கத்துக்குள் சிக்கிக்கொண்டவர்களின் தலைவன் கயிற்றில் தொங்குகிறான், கயிறு இழை இழையாகப் பிரிகிறது, 'அடுத்த இதழில்' என்று முதல் பாகம் முடிந்துவிடும். அந்த முதல் பாகம் அவரிடம் இருக்கிறது. இரண்டாம் பாகத்தை அவர் படித்ததில்லை. நாங்கள் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் டீ வாங்கப் போகிறேன் என்று எழுந்து போய்விடுவார். இவ்வளவு வருடத்துக்கப்புறமும் கயிறு அறுந்ததா இல்லையா என்று தெரியாமல் ஒரு மனுஷன் எப்படித் தூங்குகிறான் என்று எனக்கு ஆச்சரியம். அவருக்கு 'முதல் பாகம்' என்று பெயர் வைத்ததும் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா ஒரு கட்டுப் பழைய இதழ்களோடு வந்தார். பல் கட்டிக்கொண்ட ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்தது. அதில் அந்த இரண்டாம் பாகம் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லிஃப்ட்காரர் வந்து உட்கார்ந்ததும் கதவைத் தாழ் போட்டேன்.

"யோவ் முதல் பாகம், இன்னிக்கு நீ டீ வாங்கப் போக முடியாது."

இதழைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய்.

"கதைய மட்டும் வேணாம்ணே" என்றார்.

"சரிய்யா, கதை வேணாம். கடிதம் படிக்கலாமா? அதுக்குமா பயம்?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடிதம்னா படிங்க" என்றார்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். முதல் இரண்டு கடிதங்கள் சுமார். மூன்றாவது எனக்காகவே எழுதிய மாதிரி இருந்தது. மூக்கை உறிஞ்சி, உதட்டைப் பிதுக்கி, ஒரு பொடியனின் அழுகைக் குரலில் படித்தேன்.

'மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். என் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அடுத்த மாதம் வரை காத்திருக்க முடியுமா என்று தெரியவில்லை. தலைவன் பிழைத்தானா இல்லையா என்பதை மட்டும் ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்பவும். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், அண்ணனிடம் மட்டும் சொல்வேன். என் பெயரைப் போட வேண்டாம், அம்மா திட்டுவாள். பணிவன்புடன், ஐந்தாம் வகுப்பு வாசகன்.'

கீழே ஆசிரியரின் பதில். அதற்கு ஒரு கனத்த குரல். 'முடிவைத் தெரிந்துகொள்ள இப்படியும் ஒரு வழியா தம்பி! இதோ இரண்டாம் பாகம் உங்கள் கையில். இதைப் படித்ததும் அண்ணன் கட்டிலை விட்டுத் துள்ளிக் குதித்திருப்பாரே!'

வாத்தியார் தொடையில் அடித்துச் சிரித்தார். "சரியான கேடிப் பய! முடிவு தெரியணும்னு சொந்த அண்ணனையே ஆஸ்பத்திரியில படுக்க வச்சிட்டான் பாருங்க!" டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்றார். எனக்குச் சொல்லவா வேண்டும்? இரண்டாவது தடவை 'அண்ணனிடம் மட்டும்' என்ற இடத்தில் ஒரு விக்கலையும் சேர்த்தேன். லிஃப்ட்காரரும் சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று சிரித்திருக்கிறார். என்னை இன்னமும் அறுப்பது அந்தச் சிரிப்புதான்.

சிரிப்பு அடங்கியதும் அவர் எழுந்து வந்தார். "அண்ணே, அந்தப் பக்கத்த மட்டும் ஒரு காப்பி போட்டுத் தர்றீங்களா?"

"இந்த ஒப்பாரியவா? ஃபிரேம் போட்டு மாட்டப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே மிஷினில் வைத்தேன்.

"எதுக்குய்யா ஒனக்கு?" என்றார் வாத்தியார்.

அவர் சூடாக வந்த தாளை இரண்டாக மடித்து, ஸ்பேனர் பைக்குள் ஒரு துணியை விரித்து அதன் நடுவில் வைத்தார். "நான் எழுதுனது சார். போட்டாங்கன்னு இன்னிக்குத்தான் தெரியும்."

மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மாதான் மெதுவாகக் கேட்டார். "உங்க அண்ணன்?"

"இந்த இதழ் வர்றதுக்கு ஒம்பது நாள் முன்னாடி." ஏதோ ஒரு லிஃப்டின் சர்வீஸ் தேதியைச் சொல்வது போலச் சொன்னார். "அதான் அப்ப வாங்கல. அப்புறம் நான் மட்டும் படிக்க மனசு வரல." அதற்குள் அவருடைய போன் அடித்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். "வரேண்ணே" என்று சொல்லிவிட்டு, நான் போட்ட தாழ்ப்பாளைத் தானே நீக்கிவிட்டுப் போனார்.

அந்த 'அண்ணே' என் காதிலேயே நின்றது. எத்தனையோ வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறார். எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அன்றைக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

யோக்கியனாக இருந்தால் அவர் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் டாக்டரம்மா மீது கோபப்பட்டேன், அந்தக் கட்டை யார் கொண்டுவரச் சொன்னது என்று. பிறகு, பெயர் இல்லாத கடிதம், எனக்கென்ன ஜோசியமா தெரியும் என்று எனக்கே வக்காலத்து வாங்கினேன். சாயங்காலம் மனைவியிடம் நடந்ததைச் சொல்லும்போது பாதியில் அந்தக் குரல் என்னையறியாமல் வந்துவிட்டது. அவள் கறி நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவர் முன்னாடி இப்படியேவா படிச்சீங்க?"

"எனக்குத் தெரியாதுல்ல."

"தெரியாமப் படிச்சது சரி. இப்ப தெரிஞ்சுதானே எங்கிட்ட செஞ்சு காட்டுறீங்க?"

எழுந்து போய் டிவியைப் போட்டேன்.

புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, அவர் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்குப் போனேன். மூன்றாவது மாடிப் படிக்கட்டில் ஏறும்போதே அவர் குரல் கேட்டது. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு பெண் அழுகிற சத்தம். "அழுதுக்கிட்டே கேளுங்கம்மா, பரவாயில்ல. படம் நாலு: கப்பல்ல ஒருத்தன் தனியா நிக்கிறான்..." பயந்து அழுகிற ஒரு குரலை எப்படிக் கையாள வேண்டுமோ அப்படிக் கையாண்டுகொண்டிருந்தார். அதே மாதிரி ஒரு குரலை வைத்து நான் கைதட்டல் வாங்கியவன். படிக்கட்டுத் திருப்பத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். கூப்பிடத் தைரியம் வரவில்லை. வந்த வழியே இறங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு டாக்டரம்மாவுக்கு ஏதோ அவசர வேலையாம். வாத்தியாருக்கு முட்டி வலியாம். எனக்கா தெரியாது? கடை என்னுடையது, எனக்கு ஓடி ஒளிய இடமில்லை. இனி அவர் வரப்போவதில்லை, ஒரு நல்ல நண்பனை வாயாலேயே தொலைத்துவிட்டேன் என்று உட்கார்ந்திருந்தபோது அவர் வந்தார். வழக்கமான பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"தம்பி, நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தது ஒன்றும் வரவில்லை.

"நீங்க வேணும்னு பண்ணலண்ணே. விடுங்க."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடிப்பு அதற்குள் நைந்திருந்தது. "ஒரு உதவி கேக்கலாமாண்ணே? இத எழுதி முடிச்சதும் அண்ணன்கிட்டதான் மொதல்ல படிச்சுக் காட்டுனேன். படுத்துக்கிட்டே கேட்டான். 'கெஞ்சாதடா, பெரிய மனுஷன் கேக்குற மாதிரி கேளு'ன்னான். அவன் சொல்லித்தான் 'பணிவன்புடன்' எல்லாம் போட்டேன். வீட்ல இத எடுத்துப் படிச்சுப் பாக்குறேன், உங்க குரல்தான் வருது. அழுகையாத்தான் வருது." தாளை என்னிடம் நீட்டினார். "ஒரே ஒரு தடவ சும்மா படிச்சிடுங்களேன். குரல் மாத்தாம."

வாங்கிக்கொண்டேன். 'மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு' என்று தொடங்கினேன். பாழாய்ப்போன பழக்கம், மூக்கு தானாக உறிஞ்சிக்கொண்டது. நிறுத்தினேன். அவர் காத்திருந்தார். இரண்டாம் தடவை 'அண்ணன்' என்ற இடத்தில் அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை அது நடிப்பில்லை. ஆனாலும் அழுகை அழுகைதானே. அவர் கேட்டது அதுவும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாம் தடவை தொடங்கினேன், ஒரு விண்ணப்பத்தைப் படிப்பது போல, ஒவ்வொரு வார்த்தையாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கடிதத்தில் ஓர் இடத்திலும் அழுகை இல்லை. ஒரு சின்னப் பையன் நிமிர்ந்து நின்று மரியாதையாக ஒன்று கேட்டிருக்கிறான். அழுகை முழுக்க நான் சேர்த்தது.

'பணிவன்புடன்' வரை வந்து நிறுத்தினேன்.

"பதிலும் இருக்குல்லண்ணே" என்றார்.

அதையும் படித்தேன். அண்ணன் கட்டிலை விட்டுத் துள்ளிக் குதித்திருப்பாரே என்பது வரை, ஒரு சொல்லையும் விடாமல், அவர் முன்னால் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் படித்தேன். படித்து முடித்ததும் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை முன்பு போலவே துணிக்குள் வைத்தார்.

"நல்லாப் படிக்கிறீங்கண்ணே" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

இத்தனை வருடத்தில் என் சொந்தக் குரலுக்கு ஒருவர் சொன்ன முதல் பாராட்டு அது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.