மோர் தலாவின் மேல் ஒரு ரவுண்டு

செம்பூர் சாயக் கம்பெனி லேபில் சுந்தரராமன் சாருக்கு நான் பதினோரு வருஷம் ஹெல்பர். நான் தாராவியிலிருந்து பஸ் பிடித்து ஏழு நிமிஷம் பிந்திப் போனால், வருகை மஸ்டரில் ஏழு என்றே எழுதுகிற ஆள் அவர். கம்பெனிப் பென்சில் ஒன்று மாதுங்காவிலுள்ள அவர் வீட்டுக்குப் போனது கிடையாது. டெஸ்டுக்குத் தண்ணீர் பிடிக்கிற பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தரம் அலசி, நாலாவது தரம்தான் பிடிக்க வேண்டும் என்பார். நான் இரண்டு தரத்தோடு நிறுத்தினால், "இசக்கி, ஏமாத்தாதே" என்பார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பின்னே என்ன? கம்பெனியின் சாக்கடை நாலா, மோர் தலாவ் என்கிற குளத்தில் விழுகிறது. அது விழுகிற வாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் பிடித்ததோ வடக்கு மூலையில், பாறையிலிருந்து ஊற்று கசிகிற இடத்தில். மேனேஜர் ஒரே ஒரு தரம் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும். மாதாமாதம் சார் 'நீர் தூய்மையானது' என்று கையெழுத்துப் போட்டார்.

தலாவின் தெற்குக் கரையில் குடிசை போட்டிருந்தவள் என் கூடப்பிறந்த அக்கா முருகம்மாள். அந்தத் தண்ணீரில்தான் பாத்திரம், துணி, குளியல் எல்லாம். கை அரிக்கிறது என்று வந்து நின்றபோது, "மாசாமாசம் நாந்தான தண்ணி பிடிக்கேன், லேபுல பாத்தாச்சுக்கா, ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பியவன் நான்.

எண்பத்தேழு டிசம்பரில் சாரின் மகள் நாகலக்ஷ்மி பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு விமானம் கட்டினாள். அட்டையில் உடம்பு, உள்ளே எட்டு நாற்காலி, காற்றுக்கு டேபிள் ஃபேன், இன்ஜின் சத்தத்துக்கு டேப் ரெக்கார்டர். ஜன்னலுக்குக் கீழே படம் வரைந்த நீளத் துணியை இரண்டு பெண்கள் சுருட்டிக்கொண்டே போவார்கள். ரயில் பாதை, குன்று, புகைபோக்கி எல்லாம் நகர்ந்து போகும். கடைசியில் அடியில் விளக்கு வைத்த கண்ணாடித் தொட்டி. அதுதான் மோர் தலாவ். பக்கத்திலேயே அப்பாவின் ரிப்போர்ட்டைப் பெருமையாகக் குத்தி வைத்திருந்தாள்.

"நிஜத் தலாவ் ஜலம்தான் வேணும்ப்பா" என்று கேட்டிருக்கிறாள். ஊற்றில் ஒரு பாட்டில் பிடிக்கலாம், தொட்டி நிறையுமா? கண்காட்சி அன்று காலை சார் என்னிடம் தண்ணீர் நிறைந்த இரண்டு கேன் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிவரச் சொன்னார். மூடியைத் திறந்ததுமே குளோரின் வாசனையில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நீ வாயைத் தொறக்காதே" என்றார். நான் திறக்கவில்லை.

அக்காவைக் கூட்டிப்போனது என் புத்திகெட்டதனம். "ஏரோப்ளேன்ல ஏத்துதாவளாமே, என்னையும் கூட்டிட்டுப் போலே" என்று ஒரு வாரமாக நச்சரித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து ஃபேன் காற்று முகத்தில் அடித்ததும் பயந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சார் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

"இப்போ நாம மோர் தலாவ் மேலே பறந்துண்டிருக்கோம்" என்று நாகலக்ஷ்மி அறிவித்தாள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். தெளிந்த தண்ணீரில் ஆரஞ்சு மீன்கள்.

"இது எங்க தலாவு இல்ல பாப்பா. எங்கதுல மீனு செத்து மூணு வருசமாச்சு" என்று தோல் உரிந்த இரண்டு கையையும் நீட்டினாள்.

"அப்பாவே டெஸ்ட் பண்ணினது மாமி" என்று அந்தப் பெண் ரிப்போர்ட்டைக் காட்டியது.

நான் முந்திக்கொண்டேன். "மழைக்கு நெறம் மாறும்க்கா. நல்ல தண்ணிதான்."

கூடப்பிறந்தவளிடம் இரண்டாம் தரம் அந்தப் பொய். அக்கா உடனே நம்பினாள்.

"நீ சொன்னா சரிதாம்லே. அப்போ இது எடுத்த எடத்தக் காட்டு. நாளையிலேருந்து அங்கனயே கொடத்த வைக்கேன்."

சார் உள்ளே வந்து ஃபேனை நிறுத்தினார்.

"அம்மா, அது எங்காத்துக் குழாய் ஜலம்" என்றார்.

நாகலக்ஷ்மி ரிப்போர்ட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். டேப்பில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா சார் பக்கம் திரும்பவே இல்லை. என் மணிக்கட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்போ மாசாமாசம் நீ எங்கலே பிடிச்ச?"