ஐரி குட்டப்பன் அடிச்ச ஒடிக்கத்தி

கோணிக்கொப்பாவுல என் சைக்கிள் கடைய ஒட்டுனாப்புல இருக்கிற பட்டறை ஐரி குட்டப்பனோடது. ஐரின்னா எங்க குடகுல கொல்லருங்க; கத்தி அடிக்கிறது அவங்க பரம்பரைத் தொழில். மனுசன் வாயத் திறக்கவே யோசிப்பாரு. அவரு பங்கையும் சேத்து நானே பேசிருவேன்.

உத்தய்யா கதை ஊருக்கே தெரியும். தெரியாதவங்களுக்கு நான் சொல்லியிருக்கேன். எங்க பக்கம் கல்யாணத்துல மாப்பிள்ளையோட தாய்மாமன் மூணு வாழைத்தண்ட வெட்டணும். தண்டுக்கு ஒரே வெட்டு. உத்தய்யாவோட பெரியக்கா மகன் கல்யாணத்துல, முன்னால வளைஞ்ச இவரு வீட்டுப் பழைய ஒடிக்கத்தி ரெண்டாவது தண்டுல பாதியில நின்னுருச்சு. பொண்ணு வீட்டுக்காரன் ஒருத்தன், "மாமா, ரம்பம் கொண்டாரவா?"ன்னான். அதுக்கப்புறம் நாலு வருசமா உத்தய்யா எந்தக் கல்யாணத்துலயும் தலை காட்டல. இப்ப சின்னக்கா மகனுக்குக் கல்யாணம். தப்பிக்க வழியில்ல.

பழைய கத்தியத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்தாரு. "ஏழு தலைமுறைக் கத்தி, குட்டப்பா. இரும்பு ஓஞ்சுபோச்சு. அச்சு அசலா இதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடு."

பழைய ஜீப்போட ஸ்பிரிங் பட்டையக் காய்ச்சி அடிச்சாரு குட்டப்பன். பக்கத்துல பக்கத்துல வச்சா எது எதுன்னு எனக்கே தெரியல. பட்டறைக்குப் பின்னால புதுக் கத்தியால ஒரு வாழைய வெட்டிப் பாத்தாரு உத்தய்யா. அதே பாதியில நின்னுருச்சு.

கத்தியத் தண்டுலயே விட்டுட்டுத் தரையில உக்காந்துட்டாரு. "அப்ப கத்தி மேல குத்தமில்ல. என் கைதான் போயிருச்சு."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் ஒரு கிண்டல் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

குட்டப்பன் உத்தய்யாகிட்ட இருந்து, இடுப்புல கட்டி முதுகுப் பக்கம் கத்தி செருகுற பழைய பித்தளைப் பிடிய வாங்கி, அதுல ஏழு தலைமுறைக் கத்தியச் செருகுனாரு. லொடலொடன்னு ஆடுச்சு. ஒரு விரல் உள்ள போற சந்து.

"கத்தி புதுசா இருக்கையில அளவெடுத்துச் செஞ்ச பிடி சாமி இது. வருசா வருசம் ஆயுத பூசைக்குத் தீட்டித் தீட்டி முன்பாரம் பூரா கல்லோட போயிருச்சு. நான் கிழவனப் பாத்து இன்னொரு கிழவன அடிச்சுவச்சிருக்கேன்."

கல்யாணத்துக்கு அஞ்சு நாள்தான் இருந்துச்சு. பிடியோட சந்த அளந்து, வயிறு அகலமா வேற ஒண்ணு அடிச்சாரு. கைப்பிடிக்கு நாலு விரல் முன்னால, ஒத்த விரல் மேல கத்தி ஆடாம நிக்கணும். அரத்தால ராவுவாரு, விரல் மேல நிறுத்துவாரு, சாயும். மறுபடி ராவுவாரு.

"எப்பண்ணே நிக்கும்?"

"நீ மூச்சு விடாம இருந்தா இப்பவே நிக்கும்."

கல்யாணத்துல மூணு தண்டும் மூணே வெட்டுல சாஞ்சுச்சு. பொண்ணு வீட்டுப் பெரியவர் ஒருத்தர் கத்தியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. "ஏழு தலைமுறை இரும்புல்ல."

உத்தய்யா பேசாம இருந்திருக்கலாம். நானா இருந்தா இருந்திருப்பேன்.

"இல்லீங்க. அந்தக் கத்திக்கு வயசாயிருச்சு. வீட்டுல விளக்குக்கிட்ட இருக்கு. இது குட்டப்பன் அடிச்சது."

எல்லாரும் திரும்பிக் குட்டப்பனத் தேடுனாங்க. அவரு காதுல எதுவும் விழல. சாஞ்ச தண்டுகிட்டக் குந்தி, வெட்டுவாய மெதுவாத் தடவிக்கிட்டிருந்தாரு.