சீஸ் சட்டியில் கழுவிய போல்ட்

பால்ட்ஸ் எம்மெனெகர் முப்பத்தொரு வருடம் மஞ்சள் தபால் பஸ் ஓட்டியவர். என்ட்லெபுக் பள்ளத்தாக்கில் அந்த பஸ்ஸில் ஏறாத ஆள் கிடையாது. ஆனாலும் அவரை யாரும் டிரைவர் என்று சொல்வதில்லை. 'நம்பர் பால்ட்ஸ்' என்றால்தான் தெரியும்.

அந்தப் பட்டத்துக்கு அவர்தான் காரணம், வேறு யாரைச் சொல்ல! பழைய ராணுவத் துப்பாக்கி சேர்ப்பவர்கள் சங்கத்தில் யாராவது ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் போதும், மனுஷன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்துவிடுவார். துப்பாக்கியின் உடம்பில் ஓர் எண் இருக்கும். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டிலும் ஓர் எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பெரிய மனது பண்ணித் தலையாட்டுவார். மாறியிருந்தால் தொலைந்தது. அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கிற அதே குரலில் இரண்டு எண்ணையும் உரக்கப் படித்துவிட்டு, "இது துப்பாக்கி இல்லப்பா, விறகு!" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி விறகு வாங்கிக் கட்டிக்கொண்டவர் காஸ்பர் விக்கி. பால்ட்ஸோடு ஒரே வகுப்பில் படித்தவர், மர அறுவை ஆலைக்காரர். அப்பாவின் நீளத் துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றிச் சங்கத்தின் வருடாந்தரக் கண்காட்சிக்குக் கொண்டுவந்திருந்தார். போர்க்காலத்தில் அப்பா எல்லைக் காவலில் இருந்தபோது போல்ட் உடைந்துபோய், ராணுவப் பட்டறையில் வேறொன்று மாட்டிக் கொடுத்தார்களாம். அதைச் சொல்ல வாயெடுத்தார். பால்ட்ஸ் அதற்குள் எண்களைப் படித்துவிட்டார். மண்டபமே சிரித்தது. காஸ்பர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இருந்தும் போன வசந்தத்தில் அவரே பால்ட்ஸின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"டேய், உங்கிட்ட சாதாரண கார்பைன் ஒண்ணு இருந்தா குடு. ஆனா நம்பர் எல்லாம் ஒண்ணா இருக்கணும். இனிமே எவனும் என்னப் பாத்து சிரிக்கக் கூடாது."

"என் கையால குடுக்கறேன்டா. அப்புறம் எவன் வாயத் தொறப்பான்?" என்றார் பால்ட்ஸ். கார்பைன் எனும் குட்டைத் துப்பாக்கி ஒன்றை விற்றும் விட்டார். அதற்குப் பிறகு காஸ்பர் சங்கத்துப் பக்கமே வரவில்லை. ஆலையில் வேலை அதிகம்போல என்று பால்ட்ஸ் நினைத்துக்கொண்டார்.

இந்த வருடம் கண்காட்சியின் நடுக் கண்ணாடிப் பெட்டி பால்ட்ஸுக்கு என்று முடிவாயிற்று. கார்பைன் படைக்கு வருமுன் சோதனைக்கென்று செய்த சிலவற்றில் ஒன்று அவரிடம் இருந்தது. எண்ணின் கடைசி மூன்று இலக்கம் நூற்று நாற்பத்தொன்று. பதினோரு வருடம் அலைந்து பிடித்தது. அதைச் சுட்டுப் பார்த்ததே இல்லை. தேய்ந்துவிடுமாம்!

கண்காட்சிக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை மதியம், போர் வந்தால் பதுங்க வீட்டுக்கு அடியில் கட்டியிருந்த கான்கிரீட் அறையில் அதைத் துடைக்க உட்கார்ந்தார். போல்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எண்ணூற்று ஆறு.

எண்ணூற்று ஆறு காஸ்பருக்கு விற்ற கார்பைனின் எண்.

எப்படி என்று யோசிக்கவே தேவையில்லை. வசந்தத்தில் இரண்டு கார்பைனையும் ஒரே நாளில் துடைத்தார். போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைக்கப் பாத்திரம் கிடைக்காமல், மனைவி ரேகுலாவின் சீஸ் உருக்கும் சட்டியை எடுத்துக்கொண்டார். பாட்டுக்குழுப் பயிற்சி ரத்தாகி ரேகுலா சீக்கிரமே வந்துவிட்டாள். படியில் காலடி கேட்டதும் இரண்டு போல்ட்டையும் வந்த வாக்கில் செருகிவிட்டு, சட்டியைத் துடைத்து அலமாரியில் வைத்தார். அவ்வளவு நம்பர் பார்க்கிற மனுஷன் அன்றைக்கு நம்பர் பார்க்கவில்லை.

மேலே போய் மனைவியிடம் சொன்னார். ரேகுலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதான் குளிர்காலம் பூரா சீஸ்ல மண்ணெண்ணெய் வாடையா? நான் கடைக்காரன்கிட்ட ரெண்டு தடவ சண்ட போட்டேனே, பாவி மனுஷா!"

"அத விடு. நாளைக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"எண் தெரியாம திருப்பி வைங்க. யாரு குனிஞ்சு பாக்கப் போறா? ஊர்ல அந்த வேல பாக்கற ஒரே ஆளு நீங்கதான்."

அது உண்மைதான். பால்ட்ஸ் கொஞ்ச நேரம் சபலப்பட்டார். அப்புறம்தான் காஸ்பர் ஏன் வருவதில்லை என்பது உறைத்தது. சட்டென்று தொப்பியை எடுத்துக்கொண்டு ஆலைக்குக் கிளம்பினார்.

காஸ்பர் ரம்பத்தை நிறுத்திவிட்டு, வா என்றுகூடச் சொல்லாமல் நின்றார்.

"காஸ்பர், அந்த போல்ட்…"

"வீட்டுக்குப் போன அன்னிக்கே பாத்துட்டேன்."

"சொல்லிருக்கலாம்லடா!"

"எதுக்கு? நீ வேணும்னுதான பண்ணிருக்க? கண்காட்சிக்கு எடுத்துட்டு வருவான், மறுபடி படிச்சுக் காட்டலாம்னு காத்துக்கிட்டு இருந்திருப்ப." காஸ்பர் கையிலிருந்த மரத்தூளைத் தட்டினார். "அப்பா துப்பாக்கிய விறகுன்ன. பொறுத்துக்கிட்டேன். இது ரெண்டாவது."

பால்ட்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"டேய், என்ன அயோக்கியன்னு நெனச்சுட்டியா? சத்தியமா இல்லடா. நான் வெறும் முட்டாள். சீஸ் சட்டில போட்டுக் கழுவி, பொண்டாட்டிக்குப் பயந்து மாத்திச் செருகிட்டேன்."

காஸ்பர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போய், துணியில் சுற்றிய போல்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார். நூற்று நாற்பத்தொன்று.

"இந்தா. உன் பெட்டிக்கு வேணுமில்ல?"

பால்ட்ஸின் கை தானாக நீண்டது. அவரே அதை இழுத்துக்கொண்டார்.

"திங்கக்கெழம மாத்திக்கலாம். நாளைக்கு நீ மண்டபத்துக்கு வா."

"எதுக்கு? சிரிக்கவா?"

"ஆமா, சிரிக்கத்தான்."

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. காஸ்பர் கடைசி வரிசையில், கதவை ஒட்டி நின்றார். சங்கத் தலைவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, பள்ளத்தாக்கின் பெருமை அது இது என்று பேசி முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பால்ட்ஸ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் துப்பாக்கியின் மேலேயே குனிந்தார். கைதட்டல் நின்றது.

"உடம்பு, நூத்தி நாப்பத்தொண்ணு," என்று பஸ் குரலில் படித்தார். "போல்ட்டு, எண்ணூத்தி ஆறு."

கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்தார்.

"இது துப்பாக்கி இல்லப்பா, விறகு. மாத்திச் செருகினது நான். சரியான போல்ட்டு காஸ்பர்கிட்ட இருக்கு. நம்பர் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லி அவனுக்குத் தப்பானத வித்ததும் நான்தான். அவனோட அப்பா துப்பாக்கில போல்ட்டு மாறினதுக்காவது ஒரு போர் காரணம். என்னோடதுக்கு ஒரு சீஸ் சட்டி."

மண்டபம் அதிர்ந்தது. தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ரேகுலா சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. பால்ட்ஸுக்குக் காது மடல் எரிந்தது. இப்படித்தான் இருந்திருக்கும் அவனுக்கும் என்று தோன்றியது. நிமிர்ந்து பார்த்தார். கதவருகே காஸ்பர் இல்லை.

போய்விட்டான் என்று நினைத்தார். பெட்டியை மூடப் போனபோது கூட்டம் விலகியது. காரிலிருந்து எடுத்துவந்த கம்பளிச் சுருளை மார்போடு அணைத்தபடி காஸ்பர் வந்து நின்றார்.

"பெட்டில இன்னொண்ணுக்கு எடம் இருக்குமா?"

பால்ட்ஸ் தன் துப்பாக்கியை ஓரமாகத் தள்ளி வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்கப்பா கதைய மொதல்லேருந்து சொல்லு," என்றார்.