படத்தில் பார்வையாளராக இருந்தவர்

எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பேர்னில் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். பக்கத்து மேசையில் போலந்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். என்னைவிட நன்றாக மூத்தவர், போருக்குப் பிறகு அகதியாகக் கப்பலில் வந்தவர். மத்தியானத்தில் நான் இடியப்பம் சாப்பிடுவேன், அவர் புளிக்கவைத்த முட்டைக்கோவா சாப்பிடுவார். ஒருவர் சாப்பாட்டைப் பற்றி மற்றவர் கேட்டுக்கொண்டதில்லை.

ஒருநாள் அவராகவே வந்து சொன்னார்: "பல்கலைக்கழகத்திலை ஒரு போலந்து நாடகத்தைக் காட்டப்போகினம். நடிச்சதை அப்படியே படம் பிடிச்சிருக்கினமாம். புதுமாதிரி நாடகம். தனியப் போக விருப்பமில்லை. நீர் வாறீரோ?"

வீட்டில் சொன்னேன். "பாஷை விளங்காத நாடகத்துக்கோ? சரி, போயிட்டு வாரும்," என்றார் கணவர்.

சனிக்கிழமை பின்னேரம் போனோம். கறுப்பு வெள்ளைப் படம். மேடை கிடையாது, திரைச்சீலை கிடையாது. ஒரு வெறும் அறை. சுவரோரப் பலகைகளில் பார்வையாளர்கள், நடுவில் வெறுங்காலுடன் சில நடிகர்கள். பேச்சைவிட மூச்சுச் சத்தம்தான் அதிகம். ஒருவன் தரையில் கிடந்து உடம்பை வில்லாக வளைத்தான். மற்றவர்கள் அவனைச் சுற்றித் தரையை உதைத்துக்கொண்டு ஓடினார்கள். போலந்துப் பெண்மணி என் காதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பாதி வசனத்தில் நிறுத்தி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்தப் பலகையிலை, தூணுக்குப் பக்கத்திலை இருக்கிறது என்ரை தம்பி."

வழுக்கை விழுந்த ஒருவர் முழங்காலில் கைகளை ஊன்றி இருந்தார். எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. அதற்குள் கமரா நடிகர்கள் பக்கம் திரும்பிவிட்டது.

முடிந்ததும் அவர், படம் ஓட்டிய தாடிக்காரரிடம் போய் அந்த இடத்தில் நிறுத்திக் காட்ட முடியுமா என்று கேட்டார். நிறுத்தினால் விளக்குச் சூட்டில் படம் கருகிவிடும் என்றார் தாடிக்காரர். காரணத்தைக் கேட்ட பிறகு, கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு அந்த றீலைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஓட்டினார். இவர் திரைக்கு மிகக் கிட்டப் போய் நின்றார். அவ்வளவு கிட்ட நின்றால் முகம் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை.

திரும்பும்போது ட்ராமில் கேட்டேன், எப்படி நிச்சயமாகத் தெரியும் என்று. பிரிந்தபோது தம்பி சின்னப் பையனாம். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அட்டை வருமாம், தன் படம் அனுப்பியதில்லையாம்.

"அப்பா இருக்கிறமாதிரியே இருக்கிறான்," என்றார். "நாடகம் பார்க்கிற ஆளாயும் வந்திட்டான்."

அடுத்த கிழமை தொலைபேசி அழைப்புக்குப் பதிந்து, காத்திருந்து, தம்பியோடு பேசினார். மறுநாள் வேலைக்கு வந்து வெள்ளைக் கோட்டை மாட்டியபடி சொன்னார்: "அவன் நாடகமெண்டு ஒண்டுக்கும் போனதே இல்லையாம். தலைநிறைய மயிர் இருக்காம்."

"பிறகு?"

"அப்பா எப்பிடி இருப்பார் எண்டு கேட்டான். அவனுக்கு முகம் ஞாபகமில்லை. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தான்."

அதன் பிறகு இருவரும் அடிக்கடி பேசிக்கொண்டார்கள். அடுத்த வருடம் நீண்ட லீவு எடுத்துப் போலந்து போய்வந்தார். அங்கே நாடகம் ஏதும் பார்த்தீர்களா என்று கேட்டேன். அதற்கு நேரம் கிடைக்கவில்லை, பெரும்பாலும் தம்பி வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து கதைத்ததுதான் என்றார்.